பூட்டன் இறந்தது எந்தத் தேதியில்? ஒரு சென்ட் நிலமும் ஒரு பழைய தந்தியும்

செப்டம்பர் பிறந்தால் எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் ஒரு சின்ன வாக்குவாதம் நிச்சயம். பாரதியார் நினைவு நாள் ஸ்டோரியை 11-ம் தேதி போடுவதா, 12-ம் தேதி போடுவதா?

திருவல்லிக்கேணி வீட்டில் பாரதியின் உயிர் பிரிந்தது 1921 செப்டம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை இரவு. நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி வாக்கில் என்கிறார்கள். கடிகாரத்தைக் கேட்டால் அது 12. பொழுது விடிந்தால்தான் மறுநாள் என்று கணக்கு வைத்திருந்த வீட்டாரைக் கேட்டால் 11. சென்னை மாநகராட்சியின் இறப்புப் பதிவில் இருப்பது 12. தமிழக அரசு 2021-ல் 'மகாகவி நாள்' என்று அறிவித்தது 11-ஐ. நாங்கள் 11 காலையில் ஸ்டோரியைப் போட்டுவிட்டு, உள்ளே ஒரு பத்தியில் 12-ஐயும் சொல்லிவிடுவோம். அப்படியும் கமென்ட்டில் நாலு பேர் திட்டுவார்கள்.

எட்டயபுரம் எங்கள் தூத்துக்குடி மாவட்டம்தான் என்பதால் எனக்கு இதில் கொஞ்சம் சொந்த அக்கறையும் உண்டு. ஆனால், பாரதிக்கு ஒரு நாள் முன்பின் ஆனால் யாருடைய கூரையும் பறிபோகாது. எங்கள் குடும்பத்தில் இரண்டே நாள் வித்தியாசத்தில், 78 வயது பெரியாச்சியின் ஒரு சென்ட் நிலம் போக இருந்தது.

எங்கள் சொந்த ஊர் தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலைப் பார்த்த ஊர். ஒரு காலத்தில் முத்துக்குளித்த கடல். கடைசியாகப் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அதன்பிறகு சங்குக்குளிப்பு, வலை, தோணி என்று ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். என் பூட்டனும் சங்குக்குளிக்குப் போனவர்தான். அவருக்கு மூன்று மகன்கள். மூத்தவர், நாங்கள் பெரிய தாத்தா என்பவர், கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணியில் வேலை பார்த்தார். நடுவில் என் சொந்தத் தாத்தா. கடைசி, சின்னத் தாத்தா. அவருக்கு இப்போது 74 வயது.

1966 பிப்ரவரியில் பூட்டன் வீட்டில் இறந்தார். அதே வாரத்தில் பெரிய தாத்தா கொழும்புத் துறைமுகத்தில் இறந்தார். இருட்டில் சிறு படகிலிருந்து தோணிக்கு ஏறும்போது தவறி விழுந்து அடிபட்டதாகச் சொல்வார்கள். அவரை அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். பெரியாச்சிக்கு அப்போது 19 வயது. கல்யாணமாகி இரண்டு வருஷம், பிள்ளை இல்லை. மறுகல்யாணம் வேண்டாம் என்று அந்த வீட்டிலேயே, தெருப்பக்கத்து அறையில் இருந்துவிட்டார். இத்தனை வருஷமாக அந்த அறைக்குப் பெயரே 'பெரியாச்சி வீடு'தான்.

போன வருஷம் வீட்டை விற்பது என்று பேச்சு வந்தது. ஆறு சென்ட் இடம், பட்டா இன்னும் பூட்டன் பெயரில். வாங்க வந்தவரின் வக்கீல் இறப்புச் சான்றிதழ்களைக் கேட்டார். பூட்டனின் சான்றிதழில் 26-2-1966. பெரிய தாத்தாவின் கொழும்புச் சான்றிதழில் 24-2-1966. வக்கீல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இந்தம்மாவுக்குப் பங்கு இல்லையே" என்றார்.

வீட்டில் எல்லோரும் முழித்தோம். அவர் சொன்ன காரணத்தை நானும் பிறகு சட்டப் புத்தகத்தோடு உட்கார்ந்து சரிபார்த்தேன். எங்களைப் போன்ற கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 1925-ம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம். உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால், சொத்து அவருடைய மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் போகும். பூட்டி முன்பே இறந்துவிட்டதால் மூன்று மகன்களுக்குச் சமபங்கு. இதில் மகன் முந்திக்கொண்டு இறந்திருந்தால் அவருடைய பிள்ளைகள் அந்தப் பங்கை வாங்கலாம். பிள்ளை இல்லாத மருமகளுக்கு மாமனார் சொத்தில் இடம் கிடையாது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் முன்பே இறந்த மகனின் விதவையும் முதல் நிலை வாரிசு. இந்தச் சட்டத்தில் இல்லை.

அதுவே அப்பா முதலில் இறந்து, மகன் ஒரு மணி நேரமாவது பின்னால் இறந்திருந்தால் கதை வேறு. அந்த ஒரு மணி நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு மகனுடையதாகிவிடும். பிள்ளை இல்லாத அவர் இறந்ததும் அதில் பாதி மனைவிக்கு, மீதி கூடப்பிறந்தவர்களுக்கு. ஆறு சென்ட்டில் மூன்றில் ஒன்று இரண்டு சென்ட். அதில் பாதி ஒரு சென்ட். 435 சதுர அடி. ஏறக்குறைய பெரியாச்சியின் அறையும் முன் திண்ணையும்.

சும்மா சொல்லக்கூடாது, எங்கள் வீட்டில் யாரும் கெட்டவர்கள் இல்லை. "அவங்கள நாங்க பாத்துக்க மாட்டோமா?" என்றுதான் சென்னையில் இருக்கும் சித்தப்பாக்கள் சொன்னார்கள். ஆனால் அடுத்த வாக்கியம், "சர்ட்டிஃபிகேட்ல இருக்கறதத்தான நாம காட்ட முடியும்?" பூட்டன்தான் முன்னால் போனார் என்பது வீட்டில் பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும். அப்போது வீட்டில் இருந்த சின்னத் தாத்தா அந்தப் பேச்சு வந்தாலே எழுந்து வெளியே போய்விடுவார். அவர் பையன்கள் விஷயத்தில் தலையிட வேண்டாம் என்று நினைக்கிறார் என்று நாங்களாக எடுத்துக்கொண்டோம்.

"நீ பத்திரிகைலதான இருக்கே, என்னன்னு பாரேம்மா" என்று அப்பா என்னிடம் தள்ளிவிட்டார். டிப்ளமோவில் யாரும் சொல்லித்தராத அசைன்மென்ட். ஒரு வாரம் லீவு போட்டு ஊருக்குப் போனேன்.

முதலில் கல்லறைத் தோட்டம். பூட்டனின் கல்லில் 23-2-1966. உப்புக்காற்றில் 3-ன் வயிறு தேய்ந்திருந்தது. அடுத்து கோயில். பங்குச் சாமியார் அனுமதி தந்து, உபதேசியார் பழைய மரணப் பதிவேட்டை எடுத்து வைத்தார். அதில் 24. ஆக, கல்லில் 23, கோயிலில் 24, அரசாங்கத்தில் 26. ஒரே மனிதர் மூன்று முறை இறந்திருக்கிறார்!

கோயில் பதிவேடுகள் எங்கள் கடற்கரையில் குடும்ப வரலாறு தேடுபவர்களுக்குப் பெரிய சொத்து. ரோமில் 1614-ல் வந்த திருச்சடங்கு நூல்தான் இறந்தவர்களுக்கும் தனிப் பேரேடு வேண்டும் என்று வகுத்தது. பெயர், வயது, யாருடைய மகன், யாருடைய கணவர், அவஸ்தைப்பூசுதல் வாங்கினாரா, எங்கே அடக்கம் என்று எல்லாம் இருக்கும். அரசாங்கப் பதிவு என்ற ஒன்று வருவதற்கு மிகவும் முன்னாலேயே தொடங்கிய வழக்கம். ஆனால் எழுதும் சாமியாருக்குத் தன் வேலை முடிந்த நாள்தான் முக்கியம். அவர் வேலை அடக்கம்.

எங்கள் பதிவேட்டில் தேதிக்கு ஒரே ஒரு கட்டம்தான். அது இறந்த தேதியா, புதைத்த தேதியா? கண்டுபிடிக்க ஒரு வழி இருந்தது. 1964 முதல் 1967 வரையிலான பக்கங்களை உபதேசியார் முன்னால் உட்கார்ந்தே குறித்துக்கொண்டு, மறுபடி கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். அந்த வருஷங்களைச் சேர்ந்த கற்களில் எழுத்து தெரிந்தவை ஏழு. ஆறு கல்லில் இருக்கும் தேதியைவிடக் கோயில் தேதி ஒரு நாள் தள்ளி இருந்தது. ஒன்று மட்டும் ஒரே தேதி. பேரேட்டில் அந்த மனிதர் காலையில் இறந்திருப்பார் போல என்று உபதேசியாரே சிரித்துக்கொண்டு சொன்னார். எங்கள் கோயில் எழுதி வைத்தது அடக்கத் தேதியைத்தான்.

இது தெரிந்த உடனே அரசாங்கத் தேதி தானாகவே விழுந்துவிட்டது. 24-ம் தேதி புதைக்கப்பட்டவர் 26-ம் தேதி எப்படி இறப்பார்?

26 எங்கிருந்து வந்தது என்பதும் பெரிய மர்மம் இல்லை. அந்தக் காலத்தில் கிராமங்களில் பிறப்பு, இறப்பை எழுதியவர் கிராம முன்சீப். 1980-ல் அந்தப் பதவி ஒழிக்கப்பட்டு, இன்று வி.ஏ.ஓ. அந்த வேலையைப் பார்க்கிறார். 1966 பிப்ரவரி 26-ம் தேதி மட்டும் எங்கள் சின்ன ஊரில் மூன்று பேர் இறந்ததாகப் பதிவு. கோயில் பேரேட்டில் தேடினால் அந்த மூவரும் 21, 24, 25 என்று வேறு வேறு நாள்களில் அடக்கமானவர்கள். 26 சனிக்கிழமை. அந்த வாரத்துச் சாவுகளை மொத்தமாக ஒரே நாளில் எழுதியிருக்கிறார்கள். எழுதிய மனிதர் மேல் எனக்குக் கோபம் இல்லை. தன்னிடம் சொல்லப்பட்ட நாளை எழுதியிருக்கிறார். நம் வீடுகளிலும் 'சாவைப் பதிஞ்சாச்சா?' என்று கேட்பார்களே தவிர, 'என்ன தேதி போட்டிருக்கு?' என்று கேட்பதில்லை.

குடும்ப மரம் எழுத ஆசைப்படும் வாசகர்கள் இங்கே இன்னொன்றையும் குறித்துக்கொள்ளலாம். நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் பழைய பத்திரங்களிலும் கல்வெட்டுகளிலும் கொல்லம் ஆண்டு வரும். அது பிறப்பது ஆவணியில். ஆவணி முதல் டிசம்பர் வரை என்றால் 824-ஐக் கூட்ட வேண்டும். ஜனவரி முதல் ஆடி வரை என்றால் 825. இது தெரியாமல் எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணைக் கூட்டினால், பாதிப் பேர் ஒரு வருஷம் முன்னாலேயே செத்துப்போவார்கள்.

சரி, 26 போனது. 23-ஆ, 24-ஆ என்பது நின்றது. பூட்டனுக்கு 24 என்று வைத்தால் அப்பாவும் மகனும் ஒரே தேதி. யார் முதல் என்று மறுபடியும் முட்டும். கல்லில் 23 என்று இருக்கிறதே என்றால், கல்லை வைத்தது நாம்தானே என்பார்கள்.

அப்போதுதான் என் சொந்த ஆச்சி, அதாவது நடுத் தாத்தாவின் மனைவி, அடுப்படியிலிருந்து சொன்னார்: "சாம்பல் புதனன்னைக்கு ராத்திரிட்டி. அன்னைக்கு ஒருசந்தி. ராத்திரி கஞ்சி காய்ச்சி எறக்கல, மாமா போயிட்டாவ. நெத்தில சாம்பலோடயே கெடந்தாவ."

சாம்பல் புதன் ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு தேதியில் வரும். ஈஸ்டருக்கு 46 நாள் முன்னால். 1966-ல் ஈஸ்டர் ஏப்ரல் 10. விரல் விட்டு எண்ணினேன். பிப்ரவரி 23, புதன்கிழமை! ஆச்சிக்குத் தேதியே தெரியாது. கிழமையும், சாம்பலும், கஞ்சியும்தான் தெரியும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெரியாச்சிக்கு ஒரு சென்ட் போனால் எங்கள் ஆச்சி பக்கத்துக்கு மூன்று சென்ட் இரண்டரையாகக் குறையும். அது தெரிந்துதான் சொன்னார்.

கடலோரத்துக்காரர்களுக்கு இந்தத் தேதிக் குழப்பம் புதிதில்லை. எங்கள் மணப்பாட்டிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் நடந்த பிரான்சிஸ் சவேரியாரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1552 டிசம்பரில், சீனாவுக்கு எதிரே சான்சியான் தீவில் ஒரு குடிசையில் இறந்தார். கடைசியில் பக்கத்தில் இருந்தவர் அந்தோனியோ என்ற சீன உதவியாளர். சில பழைய நூல்களில் டிசம்பர் 2 என்று இருக்கும். நாம் திருநாள் கொண்டாடுவது 3-ம் தேதி. தனுஷ்கோடிப் புயலும் அப்படித்தான். 1964 டிசம்பர் 22 இரவு 11.55-க்குப் பாம்பனில் கிளம்பிய பாசஞ்சர் ரயிலைக் கடல் அடித்துக்கொண்டு போனது. கிளம்பியது 22-ல், போனது நள்ளிரவுக்குப் பின். அதில் போனவர்களுக்கு எந்தத் தேதியில் பூசை வைப்பது, எந்தத் தேதியில் திதி கொடுப்பது?

உடலே கிடைக்காதவர்கள் பாடு இன்னும் கஷ்டம். ஏழு வருஷம் ஒருவரைப் பற்றித் தகவல் இல்லை என்றால் இறந்ததாக எடுத்துக்கொள்ளலாம் என்பது 1872-ம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்திலேயே இருக்கிறது. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்திலும் அது தொடர்கிறது. ஆனால் 'இறந்தார்' என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும்; 'இந்தத் தேதியில் இறந்தார்' என்று சொல்லாது. எல்.ஐ.சி. தொடர்பான ஒரு வழக்கில் 2004-ல் உச்ச நீதிமன்றமே இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. தேதி வேண்டுமானால் கேட்பவர்தான் நிரூபிக்க வேண்டும். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயலில் காணாமல் போன மீனவர்களின் வீடுகள் பட்ட பாட்டைச் செய்திகளில் படித்திருப்பீர்கள். எங்கள் பக்கம் இப்படிப்பட்ட வீடுகளில், ஆள் கடலுக்குக் கிளம்பிப் போன நாளையே நினைவு நாளாக வைத்துக்கொள்வார்கள். கடைசியாகக் கண்ணால் பார்த்த நாள் அதுதானே.

எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். ஆச்சியின் சாம்பல் புதனை வக்கீல் ஒதுக்கவில்லை. "நல்லாத்தான் இருக்கு. ஆனா வாய்வார்த்தை. எழுத்துல ஏதாச்சும் இருந்தா தேவலை" என்றார்.

எழுத்தில் இருந்தது பெரியாச்சியின் தகரப் பெட்டிக்குள். பெரிய தாத்தாவின் பெட்டி அது. தோணித் தண்டல் கொழும்பிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. உள்ளே இரண்டு சட்டை, ஒரு ஜெபமாலை, ஒரு சீப்பு, நாலாக மடித்த ஒரு தந்தி. "இது அவிய போன தந்தி" என்று சின்ன வயதிலேயே எனக்குக் காட்டியிருக்கிறார். தொடவிட மாட்டார். இந்த முறை நானே கேட்டதால் எடுத்துத் தந்தார்.

மடிப்பில் கிழிந்திருந்தது. ஆனாலும் படிக்க முடிந்தது. கொழும்பில் தோணி ஏஜென்ட் விலாசம் போட்டு, பெரிய தாத்தா பெயருக்கு வந்திருந்த தந்தி. 'ஃபாதர் எக்ஸ்பயர்ட். ஸ்டார்ட் இம்மீடியட்லி.' கொழும்பு முத்திரையில் 24 பிப்ரவரி 1966.

நான் இரண்டு முறை படித்தேன். அது பெரிய தாத்தா இறந்த செய்தி இல்லை. பூட்டன் இறந்த செய்தி. உபதேசியார் 24 காலையில் ஊரிலிருந்து அடித்தது. அதை வாங்கிப் பார்த்துப் பெட்டிக்குள் வைத்த மனிதர் அப்போது உயிரோடு இருந்திருக்கிறார். ஊருக்குத் திரும்பத் தோணி ஏறப்போன அன்று இருட்டில்தான் விழுந்திருக்கிறார். அப்பா முன்னால், மகன் பின்னால். இதற்குமேல் எந்த வக்கீலுக்கும் சந்தேகம் வராது.

ரிப்போர்ட்டருக்கு இது 'கிடைச்சுடுச்சு!' என்று குதிக்கும் இடம். எதிரே பெரியாச்சி உட்கார்ந்திருந்தார். இங்கிலீஷ் தெரியாத அவர், கணவர் சாவுச் செய்தி என்று நினைத்து 59 வருஷமாகப் பத்திரப்படுத்திய காகிதம் அது. எப்படிச் சொல்வது என்று தெரியாமல், இருப்பதை இருப்பதுபோலவே சொன்னேன்.

கொஞ்ச நேரம் தந்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "அப்போ அவிய போன தந்தி எங்கட்டி?"

யாருக்கும் பதில் தெரியவில்லை. திண்ணையில் இருந்த சின்னத் தாத்தாதான் உள்ளே வந்தார். நின்றுகொண்டே பேசினார்.

"அது எங்கிட்டத்தான் வந்துச்சு மதினி. வெள்ளிக்கெழம. வீட்ல எனக்குத்தான் இங்கிலீசு தெரியும். அப்பாவப் பொதச்ச மறுநாளு. ஒங்க மொகத்தப் பாத்து எப்படிச் சொல்ல? ரெண்டு நாளு சட்டப் பையிலயே வச்சிருந்தேன். ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சப்பொறவுதான் அண்ணங்கிட்டச் சொன்னேன். தந்திய அடுப்புல போட்டுட்டேன்."

15 வயதுப் பையன் சுமந்த தந்தி. அவர் இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் எழுந்து போனதன் காரணம் அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. பெரியாச்சி பிப்ரவரி 27-ம் தேதி கணவருக்குப் பூசை வைப்பது ஏன் என்பதும் அப்போதுதான் புரிந்தது. கொழும்புச் சான்றிதழில் 24 என்று இருப்பது அவருக்கும் தெரியும். 'அவிக என்னமோ எழுதிருக்காவ' என்று விட்டுவிட்டார். 1966 பிப்ரவரி 27 ஞாயிற்றுக்கிழமை. அவரிடம் சொல்லப்பட்ட நாள்.

சின்னத் தாத்தாவே சென்னைக்குப் போன் போட்டுப் பையன்களிடம் பேசினார். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. இரண்டு நாளில் சித்தப்பாக்கள் சம்மதித்தார்கள். வீட்டை விற்பது இப்போதைக்கு நிற்கிறது. விற்றாலும் பெரியாச்சி அறை போக மீதிதான்.

பூட்டனின் இறப்புப் பதிவைத் திருத்த விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். 1969-ம் வருஷத்துப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15-வது பிரிவு. தவறு என்று நிரூபித்தால் திருத்துவார்கள். ஆனால் பழைய எழுத்தை அழிக்க மாட்டார்கள். ஓரத்தில் புதிய தேதியை எழுதி, கையெழுத்தும் நாளும் போடுவார்கள். 26 அங்கேயே இருக்கும், பக்கத்தில் 23 வரும். விவரம் தெரிந்த இரண்டு பேர் வாக்குமூலம் தர வேண்டும் என்றார்கள். ஆச்சியும் சின்னத் தாத்தாவும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். கோயில் பேரேட்டின் நகல், கல்லறைக் கல்லின் போட்டோ, தந்தியின் ஜெராக்ஸ் எல்லாம் இணைத்திருக்கிறோம். ஒரிஜினல் தந்தி பெட்டிக்குள் திரும்பப் போய்விட்டது.

இந்த பிப்ரவரியில், "பெரியாச்சி, பூசைய 24-க்கு மாத்திச் சொல்லிடவா?" என்று போனில் கேட்டேன்.

"வேண்டாம்ட்டி. 27-லயே இருக்கட்டும்" என்றார்.